பதினொன்றாம் இடத்துப் பாசி

மலைக்குப் புறப்படுகிற நாளில் பாசியக்கா முதலில் மோதிரத்தைக் கழற்றுவாள். அப்புறம் வளையல், தோடு, சட்டையில் எப்போதோ குத்தி மறந்த ஊக்கு. உலோகப் பட்டன் வைத்த சட்டை ஓரமாகப் போகும், பிளாஸ்டிக் பட்டன் வைத்தது உடம்பில் ஏறும். குண்டூசி அளவு உலோகம்கூட ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. அவள் கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டே, "போச்சு, மறுபடியும் கல்யாணமாகாதவளா ஆயிட்டா" என்பான். "ஆமா, நாலு நாளைக்காவது நிம்மதி" என்பாள் இவள். பன்னிரண்டு வருடமாக இதே பேச்சுத்தான்.

பாசியக்கா என்பது ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள், கிண்டலுக்கு. அவள் ஒருநாள் மாடிப்படியில் திரும்பி நின்று, "என்ன அது முணுமுணுப்பு, சத்தமாத்தான் கூப்பிடுங்களேன், காது கேக்கும்" என்றாள். அன்றிலிருந்து முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். அது சரியில்லை. அவளுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியிலேயே இருந்தது, வரவேண்டிய வேலையே கிடையாது.

அவள் செய்கிற வேலை கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத மலைகளுக்குப் போய்ப் பாசி பறித்துக்கொண்டு வருவது. பாசிக்கு வேர் கிடையாது. மண்ணிலிருந்து அது எதையும் உறிஞ்சாது. மழையும் காற்றும் கொண்டுவந்து கொட்டுவதைத்தான் தின்னும், தின்றதில் உலோகம் இருந்தால் அதை வெளியே விடத் தெரியாமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும். அதனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, குறித்துவைத்த இடங்களில் பாசியை எடுத்து, காயவைத்து, அமிலத்தில் கரைத்து, யந்திரத்தில் விட்டால் அந்தக் காற்றில் என்னென்ன வந்தது என்று தெரிந்துவிடும். காரீயம், துத்தநாகம், காட்மியம், ஆன்டிமனி எல்லாம் எண்ணாக வரிசையில் வந்து நிற்கும்.

"ஊர்க் காத்து கெட்டுப்போச்சான்னு பாக்க, ஆளே இல்லாத மலைக்கு எதுக்குடி போறே? இங்க தெருவுல எடுத்தா ஆகாதா?" என்று கணவன் ஒருமுறை கேட்டான்.

"தெருவுல எடுத்தா உன் பஸ்ஸு மேல பழி போடுவாங்க, பக்கத்து வீட்டு அடுப்பு மேல போடுவாங்க. பஸ்ஸும் இல்லாம அடுப்பும் இல்லாம ஒரு இடத்துல காரீயம் கிடந்தா யார் மேல போடுவே? அது எங்கிருந்தோ பறந்து வந்ததுதானே. அவ்வளவு தூரம் போயிருக்குன்னா, நடுவுல இருக்கிற நம்ம மூக்கைத் தாண்டித்தானே போயிருக்கு?"

அன்று அவன் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு மூக்கைத் தடவிக்கொண்டான்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள் அவள். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தது பாட்டில் கழுவ. அங்கே பாட்டில் கழுவுவது வீட்டுப் பாத்திரம் கழுவுவது மாதிரி இல்லை. ஒருநாள் முழுக்க அமிலத்தில் ஊற வேண்டும், மூன்று தண்ணீர் அலச வேண்டும், கை படாமல் கவிழ்க்க வேண்டும். ஒருமுறை மலைக்குப் போகிற குழுவில் சுமை தூக்க ஆள் இல்லை என்று அவளைக் கூட்டிப்போனார்கள். வழியில் படிக்க வேறு எதுவும் இல்லாததால், ஆராய்ச்சியாளர் வைத்திருந்த விதித்தாளை அவள் இரண்டு தடவை படித்தாள். மேலே போய் அவர் ஒரு மரத்தடியில் குனிந்து பாசியைப் பறிக்கப் போனபோது, மூட்டையை இறக்காமலே சொன்னாள்: "சார், அங்க எடுக்கக் கூடாது. இலையில பட்டு வடியற தண்ணி விழுது. மரத்துலேருந்து மூணு மீட்டர் தள்ளின்னு உங்க தாள்லதான் போட்டிருக்கு."

அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்த பயணத்தில் பாசி பறிக்கிற கையுறை அவளுக்குக் கிடைத்தது.

அதன் பிறகு அவளை யாரும் இறக்க முடியவில்லை. படிப்பாசி என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு படியாக, போன வருடத்துப் படியின் முதுகிலிருந்தே அடுத்தது கிளம்பும். மேலிருந்து மூன்று படியை எண்ணி நறுக்கினால் மூன்று வருடக் காற்று கையில் இருக்கும். பட்டம் வாங்கியவர்கள் கண்ணாடியை ஏற்றி இறக்கி எண்ணுவதற்குள் இவள் நாலு பை நிரப்பிவிடுவாள். விரலாலேயே எண்ணுவாள். குந்தியிருந்து பாசி ஆய்வதைப் பார்த்தால் யாரோ தலையில் பேன் பார்க்கிற மாதிரி இருக்கும்.

இந்த முறை அவளுக்கு இருபத்திரண்டு இடங்கள். பாசி வந்து, காய்ந்து, கரைந்து, எண்ணாக மாற ஐந்து மாதம் ஆயிற்று. யந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ரசாயனக்காரம்மா ஒருநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு, திரையில் ஒரு வரியைக் காட்டினாள்.

"அக்கா, பதினொண்ணு எந்த இடம்?"

"மேற்குப் பாத்த மலைக்கணவாய். கடைசி வண்டிப்பாதையிலேருந்து நாலு மணி நேரம் நடக்கணும். ஏன்?"

"பத்துலயும் பன்னெண்டுலயும் காரீயம் நாலு, அஞ்சுன்னு வருது. இங்க நாப்பத்தெட்டு. காட்மியமும் ஏறியிருக்கு, ஆன்டிமனியும் ஏறியிருக்கு. அலமாரியில வச்ச மிச்சத்துலேருந்தும் கொஞ்சம் எடுத்து ஓட்டிப் பாத்துட்டேன். நாப்பத்தேழு."

இரண்டு பேரும் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்கள். கணவாய்க்கு மேற்கே, இரண்டு முகடு தாண்டி, மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய பேட்டரியை உருக்கிக் காரீயம் எடுக்கும் ஆலை ஒன்று வந்திருந்தது. ஆலைக்கும் கணவாய்க்கும் நடுவே இருப்பது இந்த நகரம். இதில்தான் அவள் இருக்கிறாள், தங்கை இருக்கிறாள், தங்கையின் நாலு வயசுப் பெண் தெருப் புழுதியில் உட்கார்ந்து கையை வாயில் வைத்துக்கொண்டு விளையாடுகிறது. பிள்ளைகள் உடம்பில் காரீயம் சேர்ந்தால் முதலில் மூளையைத்தான் பிடிக்கும் என்று ரசாயனக்காரம்மா எப்போதோ சொன்னது பாசியக்காவுக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு வாரம் கழித்து அறிக்கையின் வரைவு வந்தது. இட எண்கள் சரியா என்று பார்க்க அவள் கையில் கொடுத்தார்கள். பதினொன்றாம் வரியில் இப்படி இருந்தது: "கையாள் பிழை. விலக்கப்பட்டது. அண்டை இடங்களின் சராசரி இடப்பட்டுள்ளது." வரைபடத்தில் கணவாய் பச்சைப்பசேலென்று இருந்தது.

அவள் தாளை எடுத்துக்கொண்டு நேராக யந்திர அறைக்குப் போனாள்.

"கையாள்னா யாரு மேடம்? நானா? யாருக்குக் கையாள் நான்?"

ரசாயனக்காரம்மா வாங்கிப் படித்தாள். முகம் சுருங்கியது. "கையாளுதல் பிழைன்னு வரணும் அக்கா. எழுத்து விட்டுப்போச்சு."

"சரி, விட்டுப்போன எழுத்தைச் சேத்துக்கறேன். அப்பவும் அது நான்தானே?"

அந்தம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். இது துணை இயக்குநர் எழுதியது. அவருக்கு ஆய்வுக்கூடத்தில் 'பார்க்கலாம் சார்' என்று பெயர். விளக்கு எரியவில்லை என்றாலும் பார்க்கலாம், கூரை ஒழுகினாலும் பார்க்கலாம். கெட்ட மனிதர் இல்லை. தன் மேசையிலிருந்து எந்தத் தலைவலியும் வெளியே போகக் கூடாது என்று நினைப்பவர், அவ்வளவுதான். ஆனால் பாசியக்கா தாளைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பட்டதாரிக் குழு எடுத்ததிலும் இரண்டு இடங்களில் எண் எகிறியிருந்தது. அங்கே "காரணம் ஆராயப்பட வேண்டும்" என்று மரியாதையாக எழுதியிருந்தார். இவள் எடுத்த இடத்துக்கு மட்டும்தான் கையாள் பிழை. அவர்கள் பாசியில் விஷம் இருந்தால் ஆராய்ச்சி, இவள் பாசியில் இருந்தால் கை அழுக்கு! அடுத்த கணக்கெடுப்பு ஐந்து வருடம் கழித்துத்தான். இந்த வரி போனால் அதுவரை அந்தக் கணவாய்க்கு வாய் கிடையாது.

தாளோடு வீட்டுக்கு வந்தாள். அந்தத் தாளில் அவளை உறுத்திய இன்னொரு வரியும் இருந்தது. ஏழு.

ஏழாம் இடம் வனக்காவலர் குடிசைக்கு எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கத்துப் புல்வெளி. அன்றைக்குப் பேய்மழை. ஓடை இடுப்பளவு போயிற்று. கால் வைத்துப் பார்த்தாள், இழுத்தது. கூட வந்த சுமைக்காரர் வயசானவர், நடுங்கிக்கொண்டிருந்தார். சரி, போதும் என்று இந்தப் பக்கமே, குடிசைக்குப் பின்னாலிருந்து பாசியை எடுத்துவிட்டாள். குடிசைக்குத் தகரக் கூரை. தகரத்தின் மேல் பூசியிருப்பது துத்தநாகம். கூரைத் தண்ணீர் சொட்டிய இடத்துப் பாசி அது. படிவத்தில் "திறந்த வெளி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஏழாம் வரியில் துத்தநாகம் மூன்று மடங்கு. யாருக்கும் அது உறைக்கவில்லை. துத்தநாகத்துக்கு யாரும் பயப்படுவதில்லை, அதனால் யாரும் அந்த வரியை அடிக்கவில்லை. தப்பாக எடுத்தது ஜம்மென்று உள்ளே உட்கார்ந்திருந்தது, சரியாக எடுத்ததை வெளியே தள்ளியிருந்தார்கள்.

கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏழாம் இடத்தைப் பத்தி வாயைத் திறந்துடாதே. அவங்க உன்னைப் பிடிக்க இடம் தேடறாங்க, நீயே போய்க் கையை நீட்டறியா?"

"திறக்கலைன்னா பதினொண்ணு போயிடும்."

"திறந்தா நீ போயிடுவே. பதினொண்ணும் சேந்துதான் போகும்."

அவன் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வரியையும் அருகருகே மடித்துவைத்துக்கொண்டு வெறித்துக்கொண்டிருந்தாள். ஏழில் துத்தநாகம் மட்டும் எகிறியிருந்தது. காரீயம் அசையவில்லை, காட்மியம் அசையவில்லை. பதினொன்றில் துத்தநாகம் லேசாகத்தான் ஏறியிருந்தது, மற்ற மூன்றும் சேர்ந்து எம்பியிருந்தன. அவள் சட்டென்று எழுந்தாள்.

"என்னங்க, என் தப்பு எப்படி இருக்கும்னு இங்கயே போட்டிருக்கு பாருங்க!"

"என்ன உளர்றே?"

"உளறலை. நாளைக்குக் கூட்டம் இருக்கு. நான் போறேன்."

கூட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. ஆனால் பாசிப் பைகளை வைத்திருக்கும் அலமாரியின் சாவி அவளிடம்தான் இருந்தது. ஏழு, பதினொன்று இரண்டு பைகளையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். நீள மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்கள். பார்க்கலாம் சார் தலைப்பக்கம், ரசாயனக்காரம்மா கடைசியில்.

"ஏம்மா, பைகளை யாரும் கேக்கலையே?"

"நான்தான் கொண்டுவந்தேன் சார். ரெண்டு நிமிஷம் பேசிட்டுப் போயிடறேன். பதினொண்ணுல கையாள் பிழைன்னு போட்டிருக்கீங்க. அந்தக் கையாள் நான்தான். அங்க நான் பிழை பண்ணலை."

"இது யார் மேலயும் சொல்ற குத்தம் இல்லம்மா. இதெல்லாம் சகஜம். அடுத்த தடவை பார்க்கலாம்."

"அடுத்த தடவைன்னா அஞ்சு வருஷம் சார். நான் நிஜமாவே பிழை பண்ணின இடம் வேற இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்." தட்டிலிருந்து முதல் பையை எடுத்து மேசையில் வைத்தாள். "ஏழாம் இடம். ஓடை தாண்ட முடியலை. குடிசைத் தகரத்துக்குக் கீழ எடுத்துட்டு, திறந்த வெளின்னு எழுதிட்டேன். பொய் எழுதினேன். அடிச்சிடுங்க."

ரசாயனக்காரம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"இப்ப ரெண்டு வரியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க சார். தப்பான இடத்துல எடுத்தா ஏழு மாதிரி வரும். துத்தநாகம் மட்டும் ஏறும், மத்தது அப்படியே கிடக்கும். பதினொண்ணு அப்படியா இருக்கு? காரீயமும் காட்மியமும் ஆன்டிமனியும் கைகோத்துக்கிட்டு ஏறியிருக்கு. மூணையும் நான் எந்த விரல்ல வச்சுக்கிட்டுப் போயிருப்பேன்? என் அழுக்கு எனக்குத் தெரியும் சார். இது என் அழுக்கு இல்ல."

பார்க்கலாம் சாரின் காது சிவந்தது. "ஏம்மா, ஒரு இடத்துல பொய் எழுதினேன்னு நீயே சொல்றே. அப்ப உன்னோட இருபத்திரண்டு இடத்தையும் நான் எப்படி நம்பறது? மொத்தத்தையும்தான் விலக்கணும்."

கணவன் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. அவள் தட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ப வேணாம் சார். நான் உங்களை நம்பச் சொல்லவே இல்ல. வந்து பாருங்கன்னு சொல்றேன். அந்தக் கணவாய் எங்கயும் ஓடிப்போகலை. சராசரி போட்டிருக்கீங்களே, அந்தச் சராசரி அங்க போய் நின்னுச்சா? நான் நின்னேன். யார் வேணா வாங்க. உங்க கையால எடுங்க. நான் ஒரு தூசியைக்கூடத் தொட மாட்டேன்."

"பார்க்கலாம்."

"எப்ப சார் பார்க்கலாம்?"

பன்னிரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை யாரும் அவரிடம் திருப்பிக் கேட்டதில்லை. இரண்டு பேர் சிரிப்பை அடக்கக் குனிந்தார்கள். அவர் காகிதங்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார். அப்போது மேசையின் கடைசியிலிருந்து ரசாயனக்காரம்மா சொன்னாள்: "நான் போறேன் சார். நாளைக்குக் காலையில. அறிக்கை அச்சுக்குப் போக இன்னும் மூணு வாரம் இருக்கு."

அந்தம்மா யந்திர அறையை விட்டு வெளியே வராதவள். மலையேற்றம் அவளைப் படாத பாடு படுத்தியது. முதல் மணி நேரத்திலேயே மூச்சு வாங்கியது, இரண்டாவதில் குதிகால் உரிந்தது. "அக்கா, இதையா நீங்க வருஷக்கணக்கா ஏறுறீங்க?" என்றாள். "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு ஏறுங்க மேடம், மூச்சு மிச்சமாகும்" என்றாள் பாசியக்கா. கணவாயில் காற்று அடித்தது. பாறையெல்லாம் பாசி மெத்தை, பார்க்க அத்தனை பச்சை, அத்தனை சுத்தம். பாசியக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள்.

"இதுல எடுக்கட்டுமா?"

"நான் சொல்ல மாட்டேன். உங்க கிட்டத் தாள் இருக்கு."

அந்தம்மா குனிந்தாள். படியை எண்ணத் தெரியாமல் ஒவ்வொரு இழையையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். விதிப்படி பத்துப் பாறையில் பத்துப் பிடி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாசியக்காவுக்குக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பையை ஒட்டி, முத்திரை போட்டு, அந்தம்மாவே சுமந்து இறங்கினாள். காயவைத்தது, கரைத்தது, யந்திரத்தில் விட்டது எல்லாம் அவளேதான். அந்த அறைப் பக்கமே பாசியக்கா போகவில்லை. பத்தாம் நாள் அந்தம்மா பாட்டில் கழுவும் தொட்டிக்கே வந்துவிட்டாள்.

"ஐம்பத்தொண்ணு" என்றாள்.

பாசியக்கா குழாயை மூடினாள். சந்தோஷப்பட முடியவில்லை. தான் ஜெயித்ததற்கு அர்த்தம், தங்கை பெண் விரல் சூப்புகிற தெருவில் அது விழுந்துகொண்டிருக்கிறது என்பதுதான். ஈரக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

அறிக்கை அச்சானது. வரைபடத்தில் கணவாய் சிவப்பு, ஏழாம் வரி அடிக்கப்பட்டிருந்தது, மற்ற இருபதும் அப்படியே இருந்தன. ஒரே வாரத்தில் நகரத்தின் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோர்கள் கூடி நின்று கேட்டார்கள். ஆலைக்காரர்கள் ஆய்வுக்கூடத்துக்குக் காரமாகக் கடிதம் எழுதினார்கள். அதே வாரத்தில் பாசியக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. ஏழாம் இடத்தில் பொய்யான விவரம் பதிந்ததற்காக அவள் இனி மலைக்கு அனுப்பப்பட மாட்டாள், பாட்டில் கழுவும் பிரிவிலேயே இருப்பாள், மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

கணவன் அதை மூன்று முறை படித்தான். "மன்னிச்சிடுங்கன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடு. காலைப் பிடிக்கச் சொல்லலை, ஒரு வரிதான். அந்த ரசாயனக்காரம்மாவும் உனக்காகப் பேசும். அடுத்த கணக்கெடுப்புக்குள்ள மறந்துடுவாங்க."

"மறக்கக் கூடாதுங்க. அதுக்குத்தானே இவ்வளவும்."

அவள் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்புக் கையெழுத்து, பெரிது பெரிதாக, கோட்டின் மேலேயே நிற்கும். எழுதியதைக் கணவனிடம் காட்டவில்லை. மறுநாள் காலை பார்க்கலாம் சாரின் அறைக்குப் போய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, படிக்கும் வரை அங்கேயே நின்றாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"ஏழாம் இடத்தில் தவறு செய்தவள் நான். பதினொன்றாம் இடத்தில் சரியாகச் செய்தவளும் நான். இரண்டையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஒன்றைக் காட்டி மற்றதை யாராவது அடிக்க வந்தால், என்னைக் கூப்பிடுங்கள். பாட்டில் கழுவுமிடத்தில் இருப்பேன்."